அந்தப் புதரை ஆவணி வரை விட்டுவையுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிக் காயல் கரையைச் சுத்தம் செய்ய உத்தரவு போடும் அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் அலுவலகத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. கரை ஒரு துறைக்கு, தண்ணீர் இன்னொரு துறைக்கு, சாலையோரம் வேறொரு துறைக்கு என்கிறார்கள். பெயர் போட்டு எழுதினால் "இது எங்கள் வரம்பில் வராது" என்று பதில் வரும். அப்படி ஒரு பதில் என் தையல் மிஷின் டிராயரில் ஏற்கெனவே கிடக்கிறது. அதனால், யாருடைய கையெழுத்தில் அந்த மண் வாரும் இயந்திரம் கரைக்கு வருகிறதோ அவருக்கே இந்த மடல்.

நான் தையற்காரி. நாலு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் நடக்கச் சொன்னார். பாலத்தின் மேற்குப் பக்கத்திலிருந்து காயல் கரையோடு போய், காயல் கடலில் சேரும் பொழிமுகம் தெரியும் இடம்வரை நடந்து திரும்பினால் முக்கால் மணி நேரம். முதல் ஆறு மாதம் நான் எதையும் பார்க்கவில்லை. செல்போன் எத்தனை அடி என்று காட்டுகிறதோ அதை மட்டும் பார்த்தேன். ஒரு மாசி மாதக் காலையில்தான் அந்தக் கடற்காகம் கண்ணில் பட்டது.

பழுப்புத்தலைக் கடற்காகம் என்று அதற்குப் பெயர். மார்கழியில் பார்த்தால் பெயர் வைத்தவர்மேல் சந்தேகம் வரும். தலை சுத்த வெள்ளையாக இருக்கும். கண்ணுக்குப் பின்னால் மட்டும் மை தொட்டு வைத்த மாதிரி ஒரு பொட்டு. மாசி பாதியில் அந்தப் பொட்டிலிருந்து நிறம் மெல்லப் பரவ ஆரம்பிக்கிறது. பங்குனி பிறக்கும்போது முகம் முழுக்கக் காபிப்பொடி நிறத்தில் ஒரு முகமூடி ஏறிவிடும். முகமூடியின் பின் ஓரத்தில் மட்டும் கருப்பாக ஒரு கோடு. ஜாக்கெட் கழுத்தில் பைப்பிங் வைத்து அடிப்போமே, அதே கணக்கு, அதே அகலம். முப்பது வருஷமாகத் துணியையே பார்த்துப் பழகிய கண் அங்கே நின்றுவிட்டது. அன்றைக்கு அடி எண்ணிக்கை குறைந்துபோனது.

வீச்சுவலையோடு நின்ற ஒரு தம்பியிடம் கேட்டேன். "அது ஊருக்குப் போவதுக்கு ரெடியாவுது அக்கா. நெறம் மாறிச்சுன்னா இன்னும் கொஞ்ச நாளு, பாத்துக்கிடுங்க" என்றார். அவர் சொன்ன ஊர் லடாக், திபெத் பக்கத்து உயரமான ஏரிகள் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் மீன் குடலைத் தின்று வளர்த்த உடம்போடு அங்கே போய்த்தான் முட்டையிடும்.

நமக்கு வசந்தம் என்று ஒன்று உண்டா என்று கேட்பார்கள். நம் ஊர் மரம் மொட்டையாக நின்று ஒரே நாளில் பூத்துக் குலுங்குவதில்லை. நம் வசந்தத்தைப் பறவையின் உடுப்பில்தான் பார்க்க வேண்டும். மாசி கடைசியிலும் பங்குனியிலும் இந்தக் காயலில் எல்லோரும் புதுத்துணி மாற்றுகிறார்கள். மழைக்காலம் முழுக்க அழுக்குப் பழுப்பில் சேற்றோடு சேறாக நின்ற குளத்துக்கொக்கு, முதுகில் கரும் அரக்குச் சால்வை போட்டுக்கொள்கிறது. மாட்டின் காலடியில் திரியும் உண்ணிக்கொக்குக்குத் தலையில் ஆரஞ்சு ஏறுகிறது. மீசை ஆலாவின் வயிறு கருக்கிறது. வளைமூக்கு உள்ளானைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்: சாம்பல் உடம்பில் அங்கங்கே செங்கல் நிறத் திட்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள் என் கடையில் பாதி தைத்துத் தொங்கும் ஜாக்கெட் மாதிரி. அது மிச்சத் தையலை வழியில் முடித்துக்கொண்டு வட சைபீரியாவுக்குப் போகும்.

கொசு உள்ளானைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டத்தில் மிகச் சின்னது. ஒரு கோழிமுட்டையின் பாதி எடைதான் இருக்கும். அதுவும் வட துருவப் பக்கத்துக் குளிர் நிலத்துக்குத்தான் முட்டையிடப் போகிறது. அவ்வளவு தூரம் பறக்க எண்ணெய் எங்கே நிரப்புகிறது? நம் சேற்றில்தான். சேற்றுக்குள் இருக்கும் புழுவையும் பூச்சியையும் குத்திக் குத்தித் தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டால்தான் கிளம்ப முடியும். அந்தச் சில வாரங்களில் ஒவ்வொரு தடவை நாம் விரட்டிப் பறக்க வைக்கும்போதும், சேர்த்த எண்ணெயில் கொஞ்சம் எரிகிறது. நாயை அவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்க்கிறவர்கள் எங்கள் நடைக்கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் நானே பேசிக்கொள்கிறேன், அதற்கு உங்கள் உத்தரவு வேண்டாம்.

உங்களிடம் கேட்க வந்தது வேறு.

கடந்த ஆண்டு பங்குனி முதல் வாரம். கரையில் பாலத்திலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி, கல்லும் சிப்பியும் கலந்த மேட்டில் ஓர் ஆள்காட்டி ஜோடி கத்திக்கொண்டே என் தலைக்கு மேல் வட்டமடித்தது. அப்படிக் கத்தினால் முட்டை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஆளைக் காட்டிக்கொடுப்பதாக நினைத்து அது தன் கூட்டையே காட்டிக்கொடுக்கும். நான் நின்ற இடத்திலிருந்து அசையாமல் தேடினேன். தேடித் தேடிக் கண் வலித்த பிறகு, பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே நாலு முட்டை இருந்தது. கூடு என்று ஒன்றுமில்லை. தரையில் ஒரு சின்னப் பள்ளம், சுற்றிக் கொஞ்சம் கூழாங்கல். களிமண் நிறத்தில் கருப்புப் புள்ளி போட்ட முட்டைகள், கூரான முனை நாலும் நடுவில் சேருமாறு, வெட்டி அடுக்கிய துணி மாதிரி கச்சிதமாக. நான் பின்வாங்கி ஒரு பூவரச மரத்தடிக்கு வந்த பிறகு தாய்ப் பறவை தண்ணீருக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது. வெயிலில் முட்டை வெந்துபோகாமல் இருக்க அது செய்யும் வழி அது.

அது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் இயந்திரம் வந்து நின்றது.

ஓட்டிய பையன்மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல பையன், டீ வாங்கித் தரட்டுமா அக்கா என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன வேலை "கரையோரப் புதரை வழித்துவிடு". அவன் வழித்தான். அளவுக்கல் ஒன்று நடுவில் இருந்தது. அதைச் சுற்றி மட்டும் ஒரு முழம் விட்டு அழகாக ஒதுங்கிப் போயிருந்தான், ஏனென்றால் கல்லைத் தொடாதே என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முட்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இரண்டு பறவையும் மத்தியானம் வரை அந்த மண் குவியலின் மேல் கத்திக்கொண்டிருந்தன. என் கடைக்கு வந்த பிறகும் அந்தச் சத்தம் காதில் இருந்தது. அன்றைக்கு ஒரு கை அளவு தப்பாக வெட்டி ஒரு ஜாக்கெட் துணியைக் கெடுத்தேன்.

இனி அந்தப் "புதர்" என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்கள் வேலை ஆணையில் களை, புதர், முட்செடி என்று மூன்று சொல் இருந்ததாகப் பையன் சொன்னான். அந்த மூன்று சொல்லில் அன்றைக்குப் போனது என்னென்ன என்று சொல்கிறேன்.

அடம்பு போனது. மணல்மேட்டில் கொடியோடிக் கிடக்கும், காலையில் ஊதாப் புனலாகப் பூத்து மத்தியானத்துக்குள் சுருங்கிவிடும். அதன் இரண்டாகப் பிளந்த இலையைப் பழைய புலவர்கள் மானின் குளம்புக்கு ஒப்பிட்டார்கள். எனக்கு அது நடுவில் மடித்து வெட்டிய கழுத்துப் பீஸ். கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைத் தைத்து வைக்கிற செடி அது. கூடவே இராவணன்மீசைப் புல்லும். 2004 டிசம்பர் 26 அன்று வந்த தண்ணீரை இவை தடுத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். இங்கே இருந்த பாலத்தையே பெயர்த்து எறிந்த தண்ணீர் அது, அதில் யாரை இழந்தோம் என்று இந்த ஊரில் வீட்டுக்கு வீடு கேட்டால் தெரியும். ஆனால் ஆடிக் காற்றில் மணல் எழும்பிச் சாலைக்கும் வீட்டுத் திண்ணைக்கும் வராமல் பிடித்து வைப்பது இந்தக் கொடியும் புல்லும்தான். வழித்த இடத்திலிருந்து கடந்த ஆடியில் எத்தனை மணல் சாலைக்கு வந்தது என்று அங்கே டீக்கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள்.

பொடுதலை போனது. ஈரக் கரையில் பாய் விரித்த மாதிரிப் படர்ந்திருக்கும். பூ ஒரு குண்டூசித் தலை அளவு, உற்றுப் பார்த்தால்தான் வெள்ளையில் இளம் ஊதா தெரியும். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்ச என் அம்மா இதைத்தான் பறித்து வருவார். அந்தச் சின்னப் பூவில் காலை எட்டு மணிக்குச் சின்னச் சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகள் குனிந்து நிற்பதை ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும். விஷ்ணுகிரந்தியின் நீலம் போனது. என் நூல் பெட்டியில் அறுபத்துச் சொச்சம் நீலம் இருக்கிறது, அந்த நீலத்துக்கு மேட்ச் இல்லை. நெருஞ்சி போனது. அது போனதில் வருத்தமில்லை என்று செருப்பில்லாமல் நடப்பவர்கள் சொல்வார்கள். சரி, சூரியனைப் பார்த்துத் திரும்பும் அந்த மஞ்சள் பூவுக்காக நான் மட்டும் வருத்தப்பட்டுக்கொள்கிறேன். எருக்கு போனது, அதன் இலையில் வரிவரியாக ஊர்ந்த புழுக்களோடு. ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று வெயிலில் மெதுவாகப் பறக்குமே, வெந்தய வரியன், அதன் பிள்ளைகள் அவை.

கிலுகிலுப்பை போனது. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். இது மணற்பாங்கான இடத்தில் இடுப்பளவு வளரும், கதிர் கதிராக மஞ்சள் பூ. மாசியில் பூவும் இருக்கும், காய்ந்த காயும் இருக்கும். காய் முற்றினால் விதை உள்ளே உதிர்ந்து, ஆட்டினால் கிலுகிலு என்று சத்தம் வரும். சின்ன வயதில் இதைக் காலில் கட்டிக்கொண்டு நாங்கள் சலங்கை என்று ஆடியிருக்கிறோம். செடி காய்ந்து கருத்துப்போய்க் கிடப்பதைப் பார்த்தால் குப்பை என்றுதான் யாருக்கும் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு நாள் அந்தக் காய்ந்த செடியில் நீலப் புள்ளி போட்ட வண்ணத்துப்பூச்சிகள் பத்துப் பதினைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. பூவில் இல்லை, பட்ட தண்டில். காலால் சுரண்டி, நாக்கை நீட்டி உறிஞ்சின. விசாரித்தால், அவை எல்லாம் ஆண் பூச்சிகளாம். அந்தச் செடியில் இருக்கும் ஒருவகைக் கசப்புச் சத்தை எடுத்துத்தான் பெண்ணை ஈர்க்கும் மணத்தை உண்டாக்குமாம், அதே சத்து பறவை தின்றுவிடாமல் அவற்றைக் காப்பாற்றவும் செய்யுமாம். செத்துக் காய்ந்த செடி அவற்றுக்கு அத்தர் கடை. நம் ஆணையில் அதற்குப் பெயர் களை.

உண்மையான முட்செடி ஒன்று அங்கே இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருபக்கமாகப் பேசுகிறவள் ஆவேன். சீமைக்கருவேலம். அதை எடுங்கள், வேரோடு எடுங்கள், நானே நன்றி சொல்லி எழுதுகிறேன். ஆனால் கடந்த ஆண்டு வழித்ததில் சீமைக்கருவேலம் வேர் அறுந்ததே தவிர போகவில்லை. ஐப்பசி மழைக்கு முதலில் தலைகாட்டியது அதுதான். அடம்பு இன்னும் பாதிதான் திரும்பியிருக்கிறது.

பாம்பு பயம் என்று மனு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதில் ஒருவர் என் வாடிக்கையாளர். விடிந்தும் விடியாமலும் நடக்கிற பெண்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும், அதைக் கேலி செய்ய மாட்டேன். நடக்கிற தடத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு ஆள் கை நீட்டும் அகலத்துக்கு அரிவாளால் வெட்டிவிடட்டும். வருஷம் முழுக்க வெட்டட்டும். மிச்சக் கரைக்கு இயந்திரம் எதற்கு?

நான் கேட்பது இதுதான்: மாசி பிறந்தது முதல் ஆடி முடியும்வரை அந்தக் கரையில் இயந்திரம் இறங்க வேண்டாம். மாசி, பங்குனியில் பூ, விதை. பங்குனி தொடங்கி ஆனி, ஆடிவரை தரையில் முட்டையிடும் பறவைகள். ஆள்காட்டி மட்டுமல்ல, நெடுங்கால் உள்ளானும் உப்புக்கொத்தியும் அந்த மாதங்களில்தான். வெட்டியே ஆக வேண்டும் என்றால் ஆவணியில் வெட்டுங்கள். குஞ்சு பறந்திருக்கும், விதை விழுந்திருக்கும், ஐப்பசி மழைக்குள் மறுபடி துளிர்த்துவிடும். செலவு அதே செலவுதான், காலண்டரில் தாள் மட்டும் மாறுகிறது. பிளாஸ்டிக் குப்பையைக் கையால் பொறுக்குவதற்கு மாதம் பார்க்க வேண்டியதில்லை. அதற்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் வருகிறோம்.

உப்புக்கொத்தி என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஒரு சின்ன உப்புக்கொத்தியை, ஐரோப்பா வரை பரவியிருக்கும் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளை என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 2023இல் ஆய்வாளர்கள் அது தனி இனம் என்று காட்டினார்கள். இரண்டு நாட்டுக்கும் நடுவே பாலம் கட்டிய வானரப் படையின் நினைவாக அனுமன் பெயரையே வைத்துவிட்டார்கள். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், மண் நிறம், கூடு வெறும் மண்ணில் ஒரு குழி. உப்பளம், சேறு, வெறும் திட்டு என்று நாம் கண்ணை எடுத்துவிடுகிற இடங்களில்தான் இப்படிப்பட்ட குடித்தனம் நடக்கிறது.

அதனால் இன்னொரு வேண்டுகோளும் உண்டு. "சும்மா கிடக்கிற சேற்றில் மரம் நடலாம்" என்று யாராவது உங்களிடம் கோப்பு கொண்டுவந்தால், கொஞ்சம் பொறுங்கள். அலையாத்தி நல்ல மரம்தான். இருக்கிற தோப்பின் ஓரத்தை வலுப்படுத்த நடட்டும். ஆனால் திறந்து கிடக்கும் சேறு சும்மா கிடக்கவில்லை. பொழி திறந்திருக்கும் நாளில் கடல் தண்ணீர் ஏறி இறங்கிய பிறகு அந்தச் சேற்றில்தான் உள்ளான்கள் இலை போட்டுச் சாப்பிடுகின்றன. அங்கே மரம் நட்டால் பந்தியில் குறுக்கே தூண் நட்ட மாதிரி. சரவிளக்கு, செல்ஃபி மேடை பற்றி நான் எழுதப்போவதில்லை. அந்த யோசனை இன்னும் வரவில்லை என்றே நம்புகிறேன்.

தேரூர், சுசீந்திரம் குளங்களுக்கு 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தபோது மாவட்டமே பெருமைப்பட்டது. அந்தக் குளங்கள் சேர்ந்திருக்கும் காப்பகத்தின் பெயரைக் கொஞ்சம் முழுசாகப் படித்துப் பாருங்கள். சுசீந்திரம், தேரூர், கடைசியில் மணக்குடி. நாகர்கோவிலின் சாக்கடையையும் சுசீந்திரத்தின் தண்ணீரையும் சேர்த்துச் சுமந்துகொண்டு பழையாறு கடலில் சேரும் இடம் இது. கயிறு திரிக்கக் கதம்பை என்கிற தேங்காய் மட்டையை அழுகப்போட்டுக் கருத்த தண்ணீரையும் இந்தக் காயல் வருஷக்கணக்காகக் குடித்திருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் பறவை வருகிறது.

என் பங்குக்கு ஒன்று செய்ய முடியும். கடையில் மூட்டை மூட்டையாக வெட்டுத்துணி சேருகிறது. சிவப்பாகப் பார்த்து எடுத்து நீள நீளமாகக் கிழித்துத் தருகிறேன். இயந்திரம் தாண்டக்கூடாத எல்லையில் கம்பு நட்டுக் கட்டிவிடலாம். கூட்டுக்குப் பக்கத்தில் கட்டக்கூடாது. அது காக்கைக்கும் நாய்க்கும் முகவரி எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கரையின் இரண்டு கோடியில் மட்டும் போதும். அளவுக்கல்லுக்கு ஒதுங்கிய பையன் இதற்கும் ஒதுங்குவான்.

புதன்கிழமை என் கடைக்கு விடுமுறை. காலை ஐந்தே முக்காலுக்குப் பாலத்தின் மேற்குப் பக்கம் நிற்பேன். நீங்கள் வந்தால் ஷூ வேண்டாம், சேற்றில் மாட்டும். ரப்பர் செருப்பு போதும். பங்குனி பத்துக்கு முன்னால் வாருங்கள். அதற்குப் பிறகு காபிப்பொடி முகக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள்.

இந்த மடலின் படி ஒன்றைத் தபாலிலும் அனுப்பியிருக்கிறேன். உறை கொஞ்சம் புடைத்திருக்கும். உள்ளே நாலு கிலுகிலுப்பைக் காய், வழித்த மண் குவியலிலிருந்து பொறுக்கியவை. உறையைக் கிழிக்கும் முன் காதருகே வைத்து ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
காயல் கரையில் நடக்கும் தையற்காரி